அம்மாவின் கெமுட்

தைப்பூசத்துக்கு மலேசியாவின் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகாத வருஷமே அம்மாவுக்குக் கிடையாது. போன வருஷம், "முட்டி வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்றார். நானும் நம்பிவிட்டேன். அப்புறம் ஒரு நாள் துணி துவைக்கும்போது, பழைய கைலியைக் கிழித்து நாலாக மடித்த துண்டுகள் வாளிக்கு அடியில் கிடந்தன. இருமினால், தும்மினால், அரிசி மூட்டையைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறதாம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "உன் தம்பி கல்யாணத்துக்கு முன்னாடியே." தம்பி மகள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

அம்மாவுக்கு வயது 68. ஐந்து பிள்ளைகள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டி, காண்டா என்ற தோள்கட்டையில் இரண்டு வாளி பாலைச் சுமந்தே பாதி ஆயுள் போனது. "வயசானா வர்றதுதானே" என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்களெல்லாம் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு ஆறாத கோபம் அந்த வார்த்தை மேல்தான்.

அரசாங்க கிளினிக்கில் சிறுநீரைச் சோதித்துவிட்டுப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே பிசியோவாக இருந்த மலாய்க்காரப் பெண் பொறுமையாக விளக்கினார். இடுப்புக்கு அடியில், முன் எலும்பிலிருந்து வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல் தசைகள் இருக்கின்றன. பிரசவமும் பாரமும் வயதும் அதைத் தொய்ய விட்டிருக்கின்றன. தொய்ந்த தசையைப் பயிற்சியால் பலப்படுத்தலாம். மலாயில் அந்தப் பயிற்சிக்குப் பெயர் கெமுட்.

காற்றையும் சிறுநீரையும் சேர்த்து அடக்குவதுபோல் உள்ளே, மேலே இழுக்க வேண்டும். முதல் நாள் அம்மா மூச்சைப் பிடித்து, பிட்டத்தை இறுக்கி, முகமெல்லாம் சிவந்துபோனார். பிசியோ அவர் வயிற்றில் கை வைத்து, "மூச்சு விடுங்க ஆன்ட்டி, வயிறு சும்மா இருக்கணும்" என்றார். முதலில் மூன்று விநாடிதான் நின்றது. பத்து வரை கூட்டலாமாம். ஒரு வேளைக்கு 8 முறை, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். ஒவ்வொரு முறையும் முழுதாகத் தளர்த்தவும் வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. தும்மல் வருகிறதென்றால் அதற்கு முன்பே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று, அம்மா தண்ணீரையே குறைத்திருந்தார். அது தப்பு. சிறுநீர் கெட்டியானால் சிறுநீர்ப்பைக்கு எரிச்சல், மலச்சிக்கல் வந்தால் முக்கி முக்கி அந்தத் தசைக்கே கேடு.

காலையில் விளக்கு வைத்ததும் ஒரு வேளை, மத்தியானம் படுக்கையில் ஒரு வேளை, ராத்திரி நாடகம் பார்க்கையில் ஒரு வேளை. நாலாவது மாதம் மிளகாய் வறுத்த நெடியில் மூன்று தும்மல் போட்டார். அடுப்பை அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காஞ்சுதான் இருக்கு."