லில்லியன் கிஷ் படங்களைப் பார்க்க: சில நாட்குறிப்புகள்

பிப்ரவரி 3

அமெரிக்க மௌனப் பட நடிகை லில்லியன் கிஷ்ஷின் படங்களை வரிசையாகப் பார்க்க உட்காருபவர்கள் முதலில் அவரைப் பதிவுசெய்த ஃபிலிமைத் தெரிந்துகொள்வது நல்லது. 1912-இல் அவரும் தங்கை டாரதியும் பயோகிராஃப் படநிறுவனத்தில் இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித்திடம் நடிக்க வந்தபோது புழக்கத்தில் இருந்தது ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம். நீலத்தை நன்றாக வாங்கும். சிவப்பை அநேகமாக வாங்கவே வாங்காது. சிவந்த உதடு கறுத்துப்போகும், கன்னத்தில் பூசிய சிவப்பு குழி விழுந்ததுபோல் தெரியும், நீலக் கண் வெளுத்துவிடும். லில்லியனுக்கு நீலக் கண்கள். மை தீட்டி எல்லை கட்டாவிட்டால் பார்வை எங்கே போகிறது என்றே புலப்படாது. அந்தக் காலத்து அழுத்தமான கண்மையை மிகை அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பிப்ரவரி 6

'புரோக்கன் பிளாசம்ஸ்' (1919). ஓட்டும் வேகத்தைக் கட்டாயம் சரிபாருங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 பிரேம். 1,000 அடி ரீல் விநாடிக்கு 16 பிரேமில் 16 நிமிடம் 40 விநாடி ஓடும்; பேசும்பட வேகமான 24-இல் 11 நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். கேமராவைக் கையால் சுற்றியதால் காட்சிக்குக் காட்சி வேகம் கொஞ்சம் மாறவும் செய்யும். பேசும்பட வேகத்தில் ஓட்டிய பதிப்புகளில் எல்லோரும் துள்ளித் துள்ளி நடப்பார்கள். பாழாவது லில்லியனின் நடிப்புதான். தகப்பன் சிரிக்கச் சொல்லி மிரட்ட, லில்லியன் நடிக்கும் அந்தப் பெண் இரண்டு விரலால் உதட்டோரங்களைத் தூக்கிவிட்டுக்கொள்கிறாள். உதடு மேலே போகிறது, கண் அதே பயத்தில் நிற்கிறது. அந்த முரண் மனதில் பதிய நேரம் வேண்டும். பதின்ம வயதுப் பெண்ணாக நடித்த லில்லியனுக்கு அப்போது 25 வயது; அதை மறக்கடிப்பது அவருடைய தோள்களின் ஒடுக்கம்.

பிப்ரவரி 11

'வே டவுன் ஈஸ்ட்' (1920). நாயகி மயங்கி, ஆற்றில் மிதக்கும் பனிப்பாளத்தின் மேல் கிடந்து அருவியை நோக்கிப் போகும் காட்சிகளை வெர்மான்ட் மாநிலத்தின் ஒயிட் ரிவர் ஜங்ஷனில் எடுத்தார்கள். எண்ணெய் உறைந்து கேமரா நின்றுவிடாமல் இருக்க அதன் அடியில் சிறிதாகத் தீ மூட்டினார்களாம், லில்லியனே சொன்னது. மயங்கிக் கிடக்கும்போது கையும் கூந்தலும் தண்ணீரில் இழைய வேண்டும் என்ற யோசனையும் அவருடையதே. அந்த விரல்களின் வலி கடைசிவரை போகவில்லை. அருவி விளிம்பை மட்டும் வேறிடத்தில் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். வெட்டு விழும் இடங்களில் தண்ணீரின் போக்கைக் கவனித்தால் பிடிபடும்.

அதே ஆண்டு டாரதியை நாயகியாக்கி லில்லியனே ஒரு படம் இயக்கினார். அதன் பிரதி எதுவும் இன்று இல்லை. பெரிய இழப்பு.

பிப்ரவரி 17

ஹாலிவுட் ஸ்டூடியோவான எம்.ஜி.எம்.மில் அவருடைய முதல் படம், 'லா போஎம்' (1926), இயக்கம் கிங் விடோர். காசநோயில் சாகும் காட்சிக்காக மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, எச்சில் ஊறாதபடி வாயில் பஞ்சும் வைத்துக்கொண்டார். உலர்ந்து ஒட்டும் உதட்டைப் பாருங்கள். மேக்கப்பால் அது வராது.

பிப்ரவரி 20

'தி விண்ட்' (1928), விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்கம். மொஹாவி பாலைவனத்தில் விமான எஞ்சின்கள் எட்டை வைத்து மணலை வாரி அடித்தார்கள். வெயில் 120 டிகிரி ஃபாரன்ஹீட். ஃபிலிமின் மேல் உள்ள ரசாயனப் பூச்சு இளகி உரியாமல் இருக்க அதை ஐஸில் வைத்துக் காத்தார்கள்.

வேக விஷயத்தில் இந்தப் படம் விதிவிலக்கு: ஒத்திசைத்த இசையும் ஓசையும் சேர்த்து வெளியானதால் 24 பிரேமில்தான் ஓட்ட வேண்டும். 16-க்குக் குறைத்தால் புயலின் வெறியே போய்விடும். பேசும்படம் கூட்டத்தை இழுத்துக்கொண்ட நேரத்தில் வந்து வசூலில் தோற்றது. என் கணிப்பில் அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு இதுதான். நேரமில்லாதவர்கள் மற்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டுமாவது பாருங்கள்.