அவளுடைய கோபம்

பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியதும் அவள் தரையை ஓங்கி உதைத்தாள். கிளிநொச்சிப் புழுதி முழங்கால்வரை எழுந்தது.

"பெண்பிள்ளைக்கு இவ்வளவு கோபம் கூடாது" என்றார் பக்கத்தில் நின்ற ஐயா.

சற்று முன்னர் ஆண்கள் ஆட்டத்தில் ஒருவன் சட்டையைக் கழற்றி எறிந்தபோது, "பார், என்ன வேகம்!" என்று மெச்சியவரும் இவர்தான்.

எனக்குக் கறுப்பின டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் நினைவுக்கு வந்தார். 2018 அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டம். மட்டையை உடைத்தார், நடுவரோடு வாதாடினார். 17,000 டொலர் அபராதம்.

என்னை வதைத்தது அபராதமல்ல, மெல்பேர்ண் பத்திரிகை ஒன்றின் கேலிச்சித்திரம். தடித்த உதடுகளோடு, அடம்பிடித்துத் துள்ளும் குழந்தையாக அவரை வரைந்திருந்தார்கள். எதிரே ஆடிய நவோமி ஒசாகாவோ, ஜப்பானியத் தாய்க்கும் ஹெய்ட்டியத் தந்தைக்கும் பிறந்தவர்; அவரை வரைந்ததோ பொன்முடி வைத்த வெள்ளைப் பெண்ணைப் போல!

இடைவேளையில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த பந்து உள்ளே போகும், அக்கா" என்றாள்.