லீட்ஸ் பக்கம் நைட் டூட்டி, மூணாவது வருஷம்

நாகர்கோவில்ல இருந்து இங்கிலாந்துக்கு நர்ஸா வந்த புதுசு, நைட் டூட்டில ஒரு பாட்டி, தொண்ணூறு வயசு இருக்கும், ‘ஸ்பெண்ட் எ பென்னி’ன்னு சொல்லிட்டு என் கையைப் புடிச்சு இழுக்காங்க, நான் சில்லறை கேக்காங்க போலன்னு லாக்கர்ல பர்ஸைத் தேடிட்டு நிக்கேன், அதுக்குள்ள பெட்ஷீட் நனைஞ்சிட்டு. அந்தக் காலத்துல இங்க பொதுக் கழிப்பறைக் கதவுல ஒரு பென்னி போட்டாத்தான் தொறக்குமாம், அதுல வந்த பேச்சு. இங்க வர்றதுக்கு எழுதுற இங்கிலீஷ் பரீட்சை ஐஇஎல்டிஎஸ், அதுல ஸ்பீக்கிங்ல ஏழு எடுத்து என்ன பிரயோஜனம்.

அன்னைக்கு ஷீட் மாத்த கூட நின்னது நைஜீரியாக்கார அக்கா ஒருத்தங்க. எங்க ஸ்டாஃப் ரூம் மைக்ரோவேவைத் தொறந்தா கோட்டயம் மீன்கறியும் ஃபிலிப்பைன்ஸ் கருவாடும் சேர்ந்து அடிக்கும், அந்த வார்டுல ராத்திரி இங்கிலீஷ்காரங்கன்னா அனேகமா பேஷண்ட் மட்டுந்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2010-லயே ஒரு நெறிமுறை போட்டிருக்கு, ஆள் பத்தாத நாட்டுல போய் நர்ஸையும் டாக்டரையும் அள்ளிட்டு வராதீங்கன்னு. 2023 லிஸ்ட்ல 55 நாடு, நைஜீரியா, கானா, ஜிம்பாப்வே, நேபாளம் எல்லாம் உண்டு. அப்ப நீங்க எப்படிக்கா வந்தீங்கன்னு கேட்டேன். ஏஜென்சிதான் போய் ஆள் புடிக்கக் கூடாது, நாமளா அப்ளை பண்ணினா யாரு தடுப்பான்னு சிரிக்காங்க. கதவைச் சாத்திட்டு தாழ்ப்பாள் போடாம விட்ட கதை.

இந்தியா அந்த லிஸ்ட்ல இல்ல. அதுக்காக நம்ம ஊர்ல ராத்திரிக்கு ஆள் இருக்குன்னு நெனைச்சிராதீங்க, நான் வேலை பாத்த பிரைவேட் ஆஸ்பத்திரில 38 பெட்டுக்கு நாங்க ரெண்டு பேர். சின்ன ஆஸ்பத்திரின்னாலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதுன்னு 2016-ல சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைச்ச கமிட்டி சொல்லுச்சு, என் கைக்கு வந்தது 11,000. படிச்ச பிள்ளைங்களுக்குப் பஞ்சமில்ல, சம்பளத்துக்குத்தான் பஞ்சம். நாலு வருஷ பிஎஸ்சி நர்சிங்குக்கு அப்பா வயலை ஈடு வச்சாங்க, இங்க உள்ளவங்க டிக்கெட்டும் இங்க நர்ஸா பதியுறதுக்கான ஓஸ்கி செய்முறைப் பரீட்சை ஃபீஸும் கட்டி ரெடிமேடா ஒரு நர்ஸை எடுத்துக்கிட்டாங்க. எனக்கு லாபந்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன், வயலை மீட்டாச்சு.

போன மாசம் அம்மாவுக்கு சுகர் கூடி கால்ல புண்ணு, ஊர்ல ஒரு ஆஸ்பத்திரில சேத்திருக்கு. எனக்கு பிரேக் நேரம், வீடியோ கால்ல டிரெஸ்ஸிங்கைக் காட்டச் சொன்னேன், காலைல மாத்த வேண்டியது, சீழ் ஊறி மஞ்சளாக் கெடக்கு. சண்டை போடலாம்னு சிஸ்டரைக் கூப்பிடச் சொன்னா அம்மா குரலைத் தாழ்த்தி, “பாவம் மக்ளே, ஒத்தப் பிள்ளை மொத்த வார்டையும் பாக்குது, உங்கிட்ட என்னமோ கேக்கணுமாம்”னு போனைக் குடுத்துட்டாங்க.

“அக்கா, ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்ல ஆறரை எடுத்தா போதுமாக்கா?”

போதும்னேன். பின்னால யாரோ ‘சிஸ்டர், ட்ரிப்ஸ் முடிஞ்சிட்டு’ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க.