வெள்ளைக் குதிரை கேட்கப் போன இடத்தில்

ஜூன் நடுவில் கியோத்தோவுக்கு டிக்கெட் போட்டது என் தப்புதான். ஜூன் தொடங்கி ஜூலை பாதி வரை அங்கே ‘ட்சுயு’ மழைக்காலம். கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழையில்லை. நாள் முழுக்க நசநசவென்று தூறல். மூன்றாம் நாள், காயாத சாக்ஸை மாட்டிக்கொண்டு, சரி, மழைத் தெய்வத்தையே பார்த்துக் கேட்டுவிடுவோம் என்று கிளம்பினேன்.

நகருக்கு வடக்கே மலைக்குள் இருக்கிறது கிஃபுனே கோயில். தெமாச்சியனாகியிலிருந்து சின்ன ரயில், அப்புறம் ஆற்றோரமாகச் சுமார் 2 கிலோமீட்டர் நடை. ஊர் கிபுனே, கோயில் மட்டும் கிஃபுனே. ஜப்பானிய மொழியில் ‘ஃபு’ ‘பு’ ஆவதுபோல் எழுத்தின் ஒலி கனப்பதற்கும் தண்ணீர் கலங்குவதற்கும் ஒரே சொல்லாம். நீர்த் தெய்வத்தின் பெயரில் கலங்கல் ஆகாது!

இருபுறமும் சிவப்பு விளக்குக் கம்பங்கள் நிற்கும் கல்படிகளில் ஏறினால், மேலே கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு குதிரைச் சிலைகள். அந்தக் காலத்தில் மழை வேண்டுமென்றால் அரசவையிலிருந்து கறுப்புக் குதிரையைக் காணிக்கையாக அனுப்புவார்கள். மழை நிற்க வேண்டுமென்றால் வெள்ளை. பிறகு குதிரைக்குப் பதில் குதிரைப் படம் எழுதிய பலகை வந்தது. ஜப்பான் கோயில்களில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுகிற ‘எமா’ பலகைகள் இங்கிருந்துதான் தொடங்கின என்கிறார்கள்.

இடக்கை, வலக்கை, வாய் என்று வரிசையாகக் கழுவிக்கொண்டு சன்னிதி முன்னால் நின்றேன். இரண்டு முறை குனிய வேண்டும், இரண்டு முறை கைதட்ட வேண்டும், மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். கைதட்டிவிட்டேன். வெள்ளைக் குதிரை விண்ணப்பம்தான் வாயில் வரவில்லை. ஷின்கான்சென் அதிவேக ரயிலில் வரும்போது ஜன்னலில் பார்த்த, நடவு முடிந்து தண்ணீர் நின்ற வயல்கள் நினைவுக்கு வந்துவிட்டன. குனிந்து எழுந்து நகர்ந்துவிட்டேன்.

ஆற்றோடு இன்னும் மேலே போனால் ஒகுமியா. கோயில் முதலில் இருந்த இடம் அதுதான். 1046-இல் வெள்ளம் அடித்துப் போக, 1055-இல் கீழே மாற்றிக் கட்டினார்கள். நீர்த் தெய்வமே வெள்ளத்துக்கு வீடு மாறியிருக்கிறது! தமயோரி இளவரசி மஞ்சள் படகில் ஆற்றை எதிர்த்து வந்து இறங்கிய இடம் என்பது ஐதீகம். அந்தப் படகை மூடிய கல்குவியல் இன்றும் இருக்கிறது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். கல்லுக்குக் கல் பாசி, பாசியின் ஒவ்வொரு முனையிலும் ஒரு துளி. தேவதாருகளுக்குக் கீழே ஆள் அரவமே இல்லை. வெயிலில் வந்திருந்தால் இந்தப் பச்சையைப் பார்த்திருக்க முடியாது.

திரும்பும் வழியில் பெரிய கோயிலில் குறிச்சீட்டு வாங்கினேன். எழுத்தே இல்லாத தாள். கோயில் ஊற்றுநீரில் மிதக்கவிட்டதும் மெல்ல மெல்ல எழுத்து எழும்பி வந்தது. போனைக் காட்டிப் படித்தேன்: சிறிய அதிர்ஷ்டம், பயணத்தில் அவசரம் வேண்டாம்.

ரயிலில் உட்கார்ந்து மறுபடி எடுத்தேன். தாள் பாதி காய்ந்திருந்தது. அந்தப் பாதியில் எழுத்தைக் காணோம்.