மெக்கானிக் கைக்கு வந்து சேராத டேட்டா

1991 வளைகுடா போருக்கு அமெரிக்கா 40,000க்கு மேல கண்டெய்னர் அனுப்புச்சு, அதுல பாதிக்கு மேல உள்ள என்ன இருக்குன்னே தெரியாம ஒவ்வொண்ணா தொறந்து பாக்க வேண்டியதாப் போச்சு. பாலைவனத்துல வரிசையா அடுக்கி வச்ச அந்தக் குவியலுக்கு அவங்களே வச்ச பேரு இரும்பு மலை. இதுல கொடுமை என்னன்னா சரக்கு வந்துருக்கு, ஆனா கேட்டவனுக்கு அது வந்தது தெரியாது, அதனால அவன் மறுபடி ஆர்டர் போடுறான், அதுக்கும் பதில் இல்லன்னா மூணாவது தடவையும் போடுறான், ஒரே பொருள் மூணு தடவை கப்பல் ஏறி வந்து அதே மலைல போய் சேருது.

ராணுவத்துல ஐஓடி (சென்சார் வச்ச மெஷின்கள நெட்ல இணைக்கிறது), ஏஐ, ஸ்மார்ட் சப்ளை செயின்னு இப்போ யாரு பேசினாலும் ஆரம்பிக்கிற இடம் இந்தக் கதை தான். நான் எஸ்ஏபிங்கிற கம்பெனி நிர்வாக சாஃப்ட்வேர்ல, மெஷின் பராமரிப்பு கணக்கு பாக்குற ப்ளான்ட் மெய்ன்டனன்ஸ் மாட்யூல்ல வேலை பாக்குறவன், ராணுவத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனா அமெரிக்க ஆர்மியோட ஸ்பேர் பார்ட்ஸ், ரிப்பேர் கணக்கெல்லாம் பாக்குற ஜிசிஎஸ்எஸ்-ஆர்மி சிஸ்டம் ஓடுறது இதே எஸ்ஏபி மேல தான்னு தெரிஞ்சதுல இருந்து இந்தப் பக்கம் வர்ற தணிக்கை ரிப்போர்ட்டெல்லாம் ஆர்வமா படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தான் திரும்பத் திரும்ப கண்ணுல படுது. டேட்டா எடுக்குறதுல அவங்களுக்கு பெரிய பிரச்சனை இல்ல. எடுத்த டேட்டா, முடிவெடுக்க வேண்டிய ஆள் கைக்கு நேரத்துக்குப் போறதுல தான் எல்லாமே சொதப்புது.

இரும்பு மலைக்கு அவங்க கண்டுபிடிச்ச மருந்து ஆர்எஃப்ஐடி டேக், ரேடியோ சிக்னல்ல தகவல் சொல்ற அட்டை. நம்ம துணிக்கடைல சட்டைல ஒட்டி வர்ற ஸ்டிக்கர் இல்ல, உள்ள பேட்டரி வச்ச பெரிய டேக், கண்டெய்னர் மேல மாட்டிருவாங்க, கேட்டுல வச்ச ரீடர் பக்கத்துல வண்டி போனா உள்ள என்ன இருக்கு யாருக்குப் போகுதுன்னு அதுவே சொல்லிடும். 90கள்ல பாஸ்னியாவுல பயன்படுத்திப் பாத்தாங்க, ஈராக் போருக்கு முன்னாடி வளைகுடா பக்கம் வர்ற எல்லா கண்டெய்னருக்கும் டேக் கட்டாயம்னு உத்தரவே போட்டாங்க. சரி பிரச்சனை முடிஞ்சுதுன்னு தான நினைப்போம்?

2003 டிசம்பர்ல அமெரிக்க நாடாளுமன்றத்தோட தணிக்கை அமைப்பான ஜிஏஓ ஒரு அறிக்கை குடுத்துச்சு. ஈராக் போர் பகுதிக்கு அனுப்புனதா கணக்குல இருக்குற ஆர்மி சரக்குக்கும், கைக்கு வந்துச்சுன்னு அங்க இருந்த யூனிட்டுகள் ஒத்துக்கிட்ட சரக்குக்கும் நடுவுல 120 கோடி டாலர் வித்தியாசம். எல்லாம் திருடு போச்சுன்னு அர்த்தம் இல்ல, பாதி நேரம் வந்த பொருள வரவு வைக்க ஆள் இல்ல, சில இடத்துல டேக் மாட்டவே இல்ல, மாட்டுன இடத்துலயும் ஒரே பேலட்டுல நாலு யூனிட்டோட சாமான கலந்து கட்டி அனுப்பிட்டாங்க. குவைத்ல இறக்கி, பிரிச்சு, யாருக்கு எதுன்னு மறுபடி அடுக்கணும். டேக் சொல்றது பெட்டி எங்க இருக்குன்னு, உள்ள இருக்குறத யாரு எப்படி அடுக்குனாங்கன்னு அதுக்கு எப்படி தெரியும். கிடங்குல வேலை பாத்தவங்களுக்கு இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இருக்காது.

சப்ளை கதைய இதோட விட்டுட்டு மெய்ன்டனன்ஸ் பக்கம் வர்றேன், எனக்குப் புடிச்ச ஏரியா அது தான்.

மெஷின்ல சென்சார் வச்சு, உடையறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கிற யோசனை ஹெலிகாப்டர்ல பெருசா வளர்ந்ததே ராணுவத்துல இல்ல, வட கடல் எண்ணெய்க் கிணறுகள்ல. 1986 நவம்பர்ல ஷெட்லாண்ட் தீவு பக்கத்துல எண்ணெய் மேடைல இருந்து ஆளுங்கள ஏத்திட்டு வந்த ஒரு சினூக் ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ்ல ஒரு கியர் உடைஞ்சு கடல்ல விழுந்துச்சு, 45 பேர் செத்துப் போனாங்க, ரெண்டே பேர் பொழச்சாங்க. அதுக்கப்புறம் தான் கியர்பாக்ஸ், ஷாஃப்ட் எல்லாத்துலயும் அதிர்வு அளக்குற சென்சார் வச்சு எந்நேரமும் கண்காணிக்கிற ஹம்ஸ்-ங்கிற சிஸ்டம் வேகமா வந்துச்சு. பின்னாடி ப்ளாக் ஹாக், அப்பாச்சின்னு ராணுவ ஹெலிகாப்டர்களுக்கும் போச்சு. ஒவ்வொரு கியருக்கும் ஒவ்வொரு பேரிங்குக்கும் தனித்தனி அதிர்வெண் இருக்கும், பல்லு ஒண்ணு தேஞ்சாலோ கீறல் விழுந்தாலோ அந்தந்த இடத்துல கிராஃப் எகிறும். அத பாக்கத் தெரிஞ்ச ஆளு எந்த பேரிங்குன்னு சரியா சொல்லிடுவாரு.

இது போக சிப் டிடெக்டர்னு ஒண்ணு உண்டு. ரொம்ப சிம்பிளான சாதனம். கியர் ஆயில் ஓடுற பாதைல ஒரு காந்த ப்ளக். கியர் தேஞ்சா இரும்புத் துகள் ஆயில்ல வரும், காந்தத்துல ஒட்டும், ரெண்டு முனையையும் அந்தத் துகள் இணைச்சிட்டா சர்க்யூட் முழுமையாகி காக்பிட்ல லைட் எரியும். ரொம்ப பொடியான துகள்னா கரண்ட் பாய்ச்சி எரிச்சுத் தள்ளிடுற மாடலும் இருக்கு, ஏன்னா சும்மா தூசி மாதிரி துகளுக்கெல்லாம் தரை இறக்க முடியாதுல்ல.

இப்போ ரெண்டு விபத்த பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

முதல் விபத்து 2009 ஏப்ரல் 1, அதே வட கடல், ஸ்காட்லாந்து கரைக்குப் பக்கத்துல ஒரு சூப்பர் பூமா ஹெலிகாப்டர் விழுந்துச்சு. உள்ள இருந்த 16 பேரும் எறந்தாங்க. ஒரு வாரத்துக்கு முன்னாடியே சிப் டிடெக்டர்ல ஒரு உலோகத் துகள் மாட்டிருந்துச்சு. மெக்கானிக் பாத்தாரு, எடுத்தாரு, தயாரிப்பாளர் கிட்ட கேட்டாங்க. ஃபோன்லயும் மெயில்லயும் நடந்த பேச்சுல ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டு, கியர்பாக்ஸோட முக்கியமான பகுதிய கழட்டிப் பாக்காமலே வண்டி மறுபடி பறக்கப் போயிருச்சு. சென்சார் அதோட வேலைய கரெக்டா தான் செஞ்சுச்சு.

ரெண்டாவது ராணுவத்துல. 2023 நவம்பர் 29, ஜப்பான்ல யாகுஷிமா தீவு பக்கத்துல அமெரிக்க விமானப்படையோட ஒரு ஆஸ்ப்ரே (ஹெலிகாப்டர் மாதிரி நேரா எழும்பி விமானம் மாதிரி பறக்குறது) கடல்ல விழுந்து எட்டு பேர் எறந்தாங்க. இடது பக்க கியர்பாக்ஸ்ல ஒரு பினியன் கியர் விரிசல் விட்டு உடைஞ்சுருக்கு. பறந்துக்கிட்டு இருக்கும்போதே சிப் வார்னிங் ஒண்ணு இல்ல ரெண்டு இல்ல, அடுத்தடுத்து வந்துக்கிட்டே இருந்துச்சு. ஆனா ஆரம்பத்துல வந்த வார்னிங்குகளுக்கு உடனே இறங்கியே ஆகணும்னு கறாரான விதி இல்ல, வசதிப்பட்ட இடத்துல இறங்குன்னு பைலட் கையில விட்டுருந்தாங்க, அவங்களும் பயணத்தைத் தொடர்ந்தாங்க. விசாரணை அறிக்கை கியரையும் குறை சொல்லுச்சு, பைலட் எடுத்த முடிவையும் குறை சொல்லுச்சு. எனக்கு தூக்கி வாரிப் போட்டது வேற ஒரு விஷயம். அந்த விமானத்துல அதிர்வு அளக்குற சிஸ்டமும் இருந்துச்சு, அதிர்வு மாறுனது முதல் சிப் வார்னிங்குக்கு முன்னாடியே பதிவும் ஆகிருக்கு, ஆனா அது காக்பிட்டுக்கு வராது. விமானம் தரை இறங்குனப்புறம் மெய்ன்டனன்ஸ் ஆளுங்க டவுன்லோட் பண்ணிப் பாக்குற டேட்டா அது. பைலட் சீட்டுக்குப் பின்னாடி எங்கயோ ஒரு பெட்டில உண்மை எழுதி வச்சுருக்கு, அந்த வண்டிய ஓட்டுறவனுக்கு மட்டும் தெரியாது. அப்புறம் ஆஸ்ப்ரே மொத்தத்தையும் மூணு மாசம் போல பறக்க விடாம நிறுத்தி வச்சாங்க.

கனெக்டட் டெக்னாலஜின்னு சொல்றோமே, இதுல எது எதோட கனெக்ட் ஆகிருக்குன்னு யாராச்சும் சொல்லுங்க.

எஃப்-35 கதை இன்னும் பெருசு. அந்த விமானத்தோட சேத்தே ஆலிஸ்னு ஒரு சாஃப்ட்வேர் செஞ்சாங்க, எந்த பார்ட் எத்தனை மணி நேரம் ஓடுச்சு, எப்போ மாத்தணும், ஸ்பேர் எங்க இருக்கு, எல்லாம் அது பாத்துக்கும், விமானமே தனக்கு வேண்டியத தானே கேட்டு வாங்கிக்கும்ங்கிற கனவு. நடந்தது என்னன்னா ஸ்பேர் பார்ட் பெட்டில பத்திரமா வந்து இறங்கும், அதோட எலக்ட்ரானிக் ரெக்கார்டு வராது, இல்ல தப்பா வரும். ரெக்கார்டு இல்லாத பார்ட்ட மாட்டுனா ஆலிஸ் விமானம் பறக்கத் தகுதி இல்லன்னு சொல்லிடும். மெக்கானிக்குக்கு விமானம் நல்லா இருக்குன்னு தெரியும், சிஸ்டம் இல்லன்னு அடம் பிடிக்கும். 2020ல வந்த ஜிஏஓ அறிக்கைல ஒரே ஒரு யூனிட் மட்டும் இந்த மாதிரி கையால சரிக்கட்டுற வேலைக்கு வருஷத்துக்கு 45,000 மணி நேரத்துக்கு மேல செலவு பண்றதா கணக்கு சொல்லிருந்தாங்க. விமானத்த வேற நாட்டுக்கு கொண்டு போனா சர்வர் ரேக்கையும் தூக்கிட்டுப் போகணும், அது மட்டுமே 400 கிலோ வரும். அந்த வருஷமே ஆலிஸ்ஸ எடுத்துட்டு ‘ஓடின்’னு புது சிஸ்டம் கொண்டு வரப் போறோம்னு அறிவிச்சாங்க, பெட்டி சின்னதாச்சு, ஆனா மாத்துற வேலை நினைச்ச வேகத்துல போகல.

நான் வேலை பாக்குற இடத்துக் கதை ஒண்ணு சொல்லவா, இது ஏன் நடக்குதுன்னு புரியும். ஒரு பெரிய ஃபாக்டரிக்கு, பேரு வேணாம், ரெண்டு வருஷ பிரேக்டவுன் டேட்டா எடுத்து ஏஐ மாடல் செய்யணும்னாங்க. பழுதப் பதிவு பண்ற நோட்டிஃபிகேஷன்ல டேமேஜ் கோடுன்னு ஒரு கட்டம் இருக்கும், எதனால பழுதுன்னு அதுல மெக்கானிக் தேர்ந்தெடுக்கணும், லிஸ்ட்ல அறுபது எழுபது இருக்கும். டேட்டாவ தொறந்தா பெரும்பாலும் ‘மற்றவை’. ஏன்னா லிஸ்ட்ல முதல்ல இருந்தது அது தான். ராத்திரி ஷிஃப்ட்ல கை முழுக்க கிரீஸோட நிக்கிறவரு ஸ்க்ரோல் பண்ணி அறுபத்தி மூணாவது கோட தேடுவாருன்னு எந்த மகராசன் நினைச்சான்னு தெரியல. அந்த ‘மற்றவை’ய வச்சு மெஷின் லேர்னிங் பண்ணா அதுவும் ‘மற்றவை’ன்னு தான் கணிக்கும். ஆலிஸ்ல நடந்ததும் இதே வியாதி தான், அளவு மட்டும் பெருசு.

இன்னொரு பக்கம், சென்சார் கரெக்டா சொன்னாலும் ஸ்பேர் இருக்கணும்ல. 2023 மார்ச்ல எஃப்-35ல பறக்கத் தயாரா இருந்தது 55 சதவீதம் தான், ரிப்பேருக்கு காத்துக்கிட்டு இருந்த பார்ட்ஸ் மட்டும் 10,000க்கு மேல. அதே வருஷம் வந்த ஒரு ஜிஏஓ அறிக்கைல 2018ல இருந்து உலகம் முழுக்க இருக்குற பொது ஸ்பேர் கிடங்குகள்ல 10 லட்சத்துக்கு மேல பார்ட்ஸ் காணாமப் போச்சு, மதிப்பு எட்டரைக் கோடி டாலர்னு போட்டுருந்தாங்க. கணக்கு வச்சுருக்குறது கான்ட்ராக்டர், பொருளோட ஓனர் அரசாங்கம், ஓனர் கிட்ட தனியா கணக்கு இல்ல. உலகத்துலயே அதிகமா நெட்வொர்க் பண்ணப்பட்ட போர் விமானத்தோட நட்டு போல்ட் கணக்கு இந்த லட்சணத்துல இருக்கு.

ரிப்பேர் மேனுவல்லயும் இதே சண்டை. நிறைய சிஸ்டத்துக்கு டெக்னிக்கல் டேட்டா கம்பெனி கையில தான் இருக்கு, சிப்பாய் கையில ஸ்பானர் இருந்தாலும் கழட்ட அனுமதி இல்ல, கம்பெனி ஆளு வரணும். 2025 ஏப்ரல்ல தான், இனிமே போடுற ஒப்பந்தங்கள்ல நாங்களே ரிப்பேர் பண்ணிக்கிற உரிமைய சேக்கணும்னு ஆர்மிக்கு உத்தரவு வந்துச்சு. இத எல்லாத்துக்கும் முன்னாடி செஞ்சுருக்கணும்ங்கிறது என் கருத்து. டேஷ்போர்ட் அப்புறம் வாங்கிக்கலாம்.

இதுல எதுவுமே உருப்படலையான்னு கேட்டா, உக்ரைன் விஷயம் எனக்கு ரொம்பப் புடிச்சுது. அமெரிக்கா குடுத்த எம்777 பீரங்கி சண்டைக் களத்துல பழுதாகும், அமெரிக்க ராணுவ மெக்கானிக் உக்ரைனுக்குள்ள போகக் கூடாது. அதனால போலந்துல ஒரு சின்ன டீம் உக்காந்துக்கிட்டு ஃபோன்லயும் டேப்லெட்லயும் சாட் ரூம் போட்டாங்க, ஆயுதம் வாரியா தனித்தனி ரூம். அங்க இருக்குறவன் ஃபோட்டோ எடுத்து அனுப்புவான், வீடியோல காட்டுவான், மொழிபெயர்ப்பாளர் நடுவுல இருப்பாரு, இவங்க இத கழட்டு அத மாட்டுன்னு சொல்வாங்க. அதுல சென்சாரும் இல்ல, கணிப்பும் இல்ல. பழுத கண்ணால பாக்குறவனுக்கும் சரி பண்ணத் தெரிஞ்சவனுக்கும் நடுவுல மொழிபெயர்ப்பாளரத் தவிர யாரும் இல்ல, அவ்ளோ தான். பெரிய பெரிய ப்ராஜெக்ட் செய்யாதத ஒரு க்ரூப் சாட் செஞ்சுருச்சுன்னு நான் சொன்னா மிகைன்னு திட்டுவீங்க, திட்டிக்கோங்க.

ஆனா அந்த சாட்டுக்கும் சிக்னல் வேணும். களத்துல சிக்னல் அனுப்புனாலே எதிரிக்கு நீ எங்க இருக்கன்னு சொன்ன மாதிரி. 2018 ஜனவரில, ஓடுற பாதைய பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்போட ஹீட்மேப்ல (எல்லாரும் ஓடுன பாதையும் ஒளிர்ற வரைபடம்) சிப்பாய்ங்க காலைல ஜாகிங் போன பாதை வச்சே ஆப்கானிஸ்தான், சிரியா பக்கம் இருந்த ராணுவ முகாம்களோட வடிவம் வெளிய தெரிஞ்சுருச்சு. அது வெறும் கைல கட்டுன பேண்ட். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை என் இன்ஜின் சூடு இவ்ளோன்னு சர்வருக்கு அனுப்புற டாங்கிய நினைச்சுப் பாருங்க. அதனால களத்துல வண்டி டேட்டாவ தனக்குள்ளயே வச்சுக்கிட்டு, நெட் இல்லாமலே ட்ரைவருக்கும் பக்கத்துல இருக்குற மெக்கானிக்குக்கும் சொல்லத் தெரியணும், பேஸுக்கு வந்தப்புறம் சாவகாசமா மேல அனுப்பிக்கட்டும். விக்கிறவங்க க்ளவுட் க்ளவுட்னு தான் சொல்றாங்க, நான் பாத்த எந்த டெமோவுலயும் நெட்ட புடுங்கிட்டு ஓட்டிக் காட்டல.