நீலனுக்குத் துணை தேடிய கதை

நீலன் என் ஃபைட்டர் மீன். உடம்பு முழுக்க கருநீலம், அரைவட்டமாக விரியும் வால். முதல் மூன்று மாதம் 30 லிட்டர் தொட்டியில் அவன் மட்டும்தான் இருந்தான். பார்க்கப் பார்க்க எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, பாவம், தனியாக இருக்கிறானே என்று. நாலு ஆண் கப்பிகளை வாங்கி விட்டேன்.

கப்பிகள் உள்ளே இறங்கிய நிமிடமே செவுள் மூடியை விரித்தான். அடியில் மடிந்திருக்கும் கறுப்புச் சவ்வு தாடி மாதிரி வெளியே வந்தது. மறுநாள் காலையில் ஒரு கப்பிக்கு வாலில் பாதி இல்லை. மிச்சமிருந்த வாலின் ஓரம் வெள்ளையாகி நைந்திருந்தது. மூன்றாம் நாள் அது செத்துப்போனது. மற்ற மூன்றையும் அன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றினேன். அந்தக் கப்பி செத்ததற்கு நீலன் காரணமில்லை, நான்தான். பளபளவென்று அகல வாலோடு எது எதிரே வந்தாலும் ஆண் ஃபைட்டருக்கு அது இன்னொரு ஆண் ஃபைட்டர்தான். அதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டது என் தவறு.

கௌராமி மீனும் வேண்டாம். ஃபைட்டரும் அதுவும் ஒரே குடும்பம், மேலே வந்து காற்றைக் குடிக்கிற பழக்கமும் ஒன்றுதான், அதனால் மேல்தண்ணீருக்குச் சண்டை வரும். டைகர் பார்ப் விட்டால் கதை தலைகீழ். அவை கூட்டமாகச் சேர்ந்து ஃபைட்டரின் நீள வாலைக் கடித்துக் குதறிவிடும். கோல்ட் ஃபிஷுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், ஃபைட்டருக்கோ 25, 26 டிகிரியாவது இருக்க வேண்டும். இன்னொரு ஆண் ஃபைட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் 60 லிட்டரில் நீளவாட்டத் தொட்டி ஒன்று வைத்தேன். உயரத்தைவிட நீளம் முக்கியம், துரத்தப்படுகிற மீனுக்கு ஓட இடம் வேண்டுமே. பில்டரின் தண்ணீர் வேகத்தைக் குறைத்து, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், மேலே மிதக்கும் செடி என்று அடர்த்தியாக வைத்தேன். ஒரு மீன் நின்ற இடத்திலிருந்து இன்னொன்று கண்ணில் படக்கூடாது என்பதுதான் கணக்கு. தொட்டி சைக்கிள் ஆகி, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் மீன் விட்டேன்.

முதலில் போனவை ஆறு ஸ்டெர்பாய் கோரிகள், அடியில் மேயும் சின்னக் கெளுத்தி வகை. மற்ற கோரிகளைவிட இவை கொஞ்சம் சூடான தண்ணீரைத் தாங்கும். அடியில் மெல்லிய மணல்தான் போட்டேன், கூரான கல் இருந்தால் மீசை தேய்ந்துவிடும். இரண்டு வாரம் கழித்து எம்பர் டெட்ரா எட்டு. இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், குட்டை வால், எப்போதும் கூட்டத்தோடு திரியும். நீலனைக் கடைசியில்தான் விட்டேன். முதலிலேயே விட்டிருந்தால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று நினைத்திருப்பான்.

அன்று முழுக்க நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். டெட்ராக்களை இரண்டு தடவை துரத்தினான். அவை சட்டென்று பிரிந்து செடிக்குள் போய்விட்டன, எதைத் துரத்துவது என்று தெரியாமல் நின்றுவிட்டான். ஒரு கோரி காற்றுக் குடிக்க விருட்டென்று மேலே வந்து போனபோது திடுக்கிட்டுத் தாடியை விரித்தான். நாலாம் நாள் அதையும் கண்டுகொள்ளவில்லை.

தொந்தரவு வந்தது சாப்பாட்டில். கோரிகளுக்குப் போடும் மூழ்கும் மாத்திரையை நீலன் அடிக்குப் போய்த் தின்றான். ஒரு வாரத்தில் வயிறு பட்டாணி மாதிரி உப்பிவிட்டது. ஒரு நாள் பட்டினி போட்டதும் சரியானது. இப்போதெல்லாம் விளக்கை அணைத்து அரை மணி கழித்துத்தான் மாத்திரை போடுகிறேன், இருட்டில் கோரிகள் மோப்பம் பிடித்து வந்துவிடும்.

நெரைட் நத்தை ஒன்றும் உண்டு. பாசியைச் சுரண்டித் தின்னும், நன்னீரில் குட்டி பெருகாது. செர்ரி இறால் பத்து விட்டுப் பார்த்தேன், ஒரு மாதத்தில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இறால் ஆசை இருந்தால் தனித் தொட்டி வையுங்கள்.

இவ்வளவும் நீலனுக்குச் சரியாக அமைந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஃபைட்டருக்கும் ஒரு குணம். அதனால் துணை மீன் வாங்குவதற்கு முன்பே ஒரு காலித் தொட்டியைத் தயாராக வையுங்கள். அப்புறம் வந்த இன்னொரு ஃபைட்டர் சிவப்பனுக்கும் இதே கோரி, இதே டெட்ரா, இதே செடி என்று எல்லாம் செய்து பார்த்தேன். மூன்று நாளும் ஓயாமல் துரத்தினான், சாப்பிடக்கூட வரவில்லை. எதுவும் சாவதற்குள் அவனைப் பிரித்து, பழைய 30 லிட்டர் தொட்டிக்கு மாற்றினேன். மறுநாளே இரை எடுத்தான், வாரத்துக்குள் மிதக்கும் இலைக்கடியில் நுரைக்கூடும் கட்டினான். அவனுக்குத் துணை தேடுவதை விட்டுவிட்டேன். காலையில் விளக்கைப் போட்டதும் முன்கண்ணாடிக்கு வந்து நிற்கிறான். விரலை இடமும் வலமுமாக நகர்த்தினால் கூடவே வருகிறான்.