சீசியம் தந்த நியூட்ரான்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீசியம்-137 என்ற கதிரியக்க மூலத்திலிருந்து நியூட்ரான் வருவதைக் கண்டுபிடித்தவன் நான். சிரிக்காதீர்கள். சீசியத்திலிருந்து பீட்டாவும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவும் வருமே தவிர நியூட்ரான் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் திரையில் புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன, அதுவும் சரியாக நியூட்ரானுக்குரிய இடத்தில்.

நான் வைத்திருந்த டிடெக்டர் திரவ சின்டிலேட்டர், அதாவது கதிர்வீச்சு பட்டால் ஒளிரும் திரவம். காமா வந்தால் எலக்ட்ரானைத் தள்ளும், வேக நியூட்ரான் வந்தால் ஹைட்ரஜன் அணுக்கருவை, அதாவது புரோட்டானை, தள்ளும். புரோட்டான் போகும் தடத்தில் அயனிகள் நெருக்கமாக உண்டாவதால் மெதுவாக வரும் ஒளியின் பங்கு கூடிவிடும், அந்த ஒளி தரும் மின்துடிப்பின், அதாவது பல்ஸின், வால் கொஞ்சம் தடிக்கும். வாலை மொத்தத்தால் வகுத்துப் படம் போட்டால் இரண்டு பட்டைகள் தெரியும்: கீழே காமா, மேலே நியூட்ரான். முதல் தடவை அந்தப் பிரிவைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது, அதனால்தானோ என்னவோ மேல் பட்டையை நான் சந்தேகிக்கவே இல்லை.

கேபிளை மாற்றினேன், மின்னழுத்தத்தைக் குறைத்தேன், ஒளி கசிகிறதா என்று கறுப்பு டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். இரண்டு நாள் போச்சு. கடைசியில் மூத்தவரிடம் போய் நின்றேன். அவர் படத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"மூலத்தை எங்கே வைத்திருக்கிறாய் தம்பி?"

"டிடெக்டரை ஒட்டித்தான் சார்."

"தள்ளி வைத்துப் பார்."

தூரத்தை இரட்டிப்பாக்கினேன். காமா எண்ணிக்கை கிட்டத்தட்ட நான்கில் ஒன்றானது. என்னுடைய 'நியூட்ரான்களோ' ஏறக்குறைய பதினாறில் ஒன்றாகிவிட்டன. அப்போதுதான் புரிந்தது. இரண்டு காமாக்கள் அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது பல்ஸ் முதலாவதின் வாலில் போய் உட்கார்ந்துகொள்கிறது, வால் தடித்துவிட்டதாகக் கணக்கு சொல்கிறது. இப்படி ஜோடி சேர்வது எண்ணிக்கை வீதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால்தான் நான்குக்குப் பதினாறு.

அதற்குப் பிறகு எந்தச் சின்டிலேட்டர் பொருளைக் கையில் எடுத்தாலும் இது எப்படி ஏமாற்றும் என்றுதான் முதலில் யோசிப்பேன். 1948-இல் இயற்பியலாளர் ஹாஃப்ஸ்டாட்டர் அறிமுகப்படுத்திய, தாலியம் கலந்த சோடியம் அயோடைடு இன்றும் உழைக்கிறது, எனக்கும் பிடித்ததுதான். ஆனால் ஈரம் ஆகாது, வெப்பநிலை சட்டென்று மாறினாலும் தாங்காது. குளிர்ந்த அறையிலிருந்து நேராக வெயிலுக்கு எடுத்துப்போய் ஒரு படிகத்தை நாங்களே விரிசல் விட வைத்திருக்கிறோம், அப்புறம் ஆற்றல் வரைபடத்தில் ஒரே ஆற்றலுக்கு இரண்டு சிகரம்! லாந்தனம் புரோமைடு ரொம்பக் கூர்மை, 662-இல் 3 சதவீதத்துக்குப் பக்கத்தில் பிரிதிறன் (சிகரத்தின் அகலம், குறைந்தால் நல்லது) தரும், சோடியம் அயோடைடில் அது 7-ஐ ஒட்டி இருக்கும். ஆனால் அந்தப் படிகமே கதிரியக்கம் உள்ளது. அதிலிருக்கும் லாந்தனம்-138-இன் 1436 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா, பொட்டாசியம்-40-இன் 1460-க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். திரவத்துக்கோ ஆக்சிஜன் எதிரி, மூடி லேசாகக் கசிந்தாலே மெதுவான ஒளி மங்கி இரண்டு பட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நைட்ரஜனைக் குமிழவிட்டு ஆக்சிஜனை விரட்ட வேண்டும்.

வெப்ப நியூட்ரான், அதாவது வேகம் தணிந்த நியூட்ரான், மட்டும் போதுமென்றால் லித்தியம்-6 உள்ள படிகத்தைத்தான் கேட்பேன். நியூட்ரானை வாங்கியதும் ஆல்ஃபாவும் டிரைட்டானுமாக (டிரிட்டியம் அணுக்கரு) 4.78 மெகா எலக்ட்ரான் வோல்ட் வெளிப்படும். சீசியம், லித்தியம், இட்ரியம், குளோரின் சேர்ந்த சீஎல்ஒய்சி படிகத்தில் அந்தச் சிகரம் காமா அளவுகோலில் 3 மெகாவுக்கும் மேலே விழுவதால் வழக்கமான காமா மூலங்கள் அங்கே எட்டிப் பார்ப்பது குறைவு, பல்ஸின் வடிவமும் வேறு.

இப்போதெல்லாம் நியூட்ரான் எண்ணிக்கை உள்ள அறிக்கை எது வந்தாலும், வெறும் காமா மூலத்தை வைத்தபோது எத்தனை 'நியூட்ரான்' பதிவானது என்ற வரியைத்தான் முதலில் தேடுகிறேன். பல அறிக்கைகளில் அது இருப்பதில்லை. கேட்டால், மூலத்தை எங்கே வைத்தோம் என்பதும் யாருக்கும் ஞாபகமில்லை.